தரை வாட்டமும் ஐந்தடி மீன்தொட்டியும்

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டின் முதல் மாடிக் கூடத்தில் 150 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள மீன்தொட்டி ஒன்றை வைக்கவிருக்கிறேன். கண்ணாடி 12 மி.மீ. கனம். ஆறு கால்கள் உள்ள இரும்பு ஸ்டாண்ட் வந்துவிட்டது. தொட்டி அடுத்த வாரம் வரும். கூடத்தைக் கழுவிவிட்டால் தண்ணீர் பால்கனிப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்காக, வீடு கட்டிய காலத்திலேயே தரைக்கு வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கி, ஸ்டாண்டின் நான்கு மூலைகளும் அமரும் இடங்களை அளந்து பார்த்தேன். பின்புற இடது மூலைதான் மேடு. அதைச் சுழியம் என்று வைத்துக்கொண்டால், முன்புற இடது மூலை 2 மி.மீ., பின்புற வலது மூலை 9 மி.மீ., முன்புற வலது மூலை 15 மி.மீ. தாழ்ந்திருக்கின்றன.

தொட்டிக்கு அடியில் ஓர் அங்குலத் தெர்மாகோல் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தொட்டி செய்பவர் சொல்கிறார். கொத்தனாரோ, அந்த இடத்து டைல்ஸை உடைத்துவிட்டு மட்டமாகப் புதிதாகப் பதிக்கலாம் என்கிறார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. இந்த அளவு வித்தியாசம் உண்மையிலேயே ஆபத்தானதா, ஆபத்தென்றால் எங்கே திருத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிவில்_மேற்பார்வை:

வணக்கம் ஐயா. நான்கு மூலைகளின் அளவையும் கொடுத்திருப்பதால் உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. இங்கே இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று சாய்வு, மற்றது முறுக்கு. தரை ஒரே பலகைபோலச் சாய்ந்திருந்தால், முன்புற வலது மூலை 2-உம் 9-உம் சேர்ந்து 11 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். உங்கள் அளவிலோ அது 15 மி.மீ. இருக்கிறது. எஞ்சிய 4 மி.மீ. சாய்வல்ல, முறுக்கு.

சாய்வு பார்க்கத்தான் அசிங்கம். ஒரு முனையில் 9 மி.மீ. நீர் கூடுதலாக நின்றால் அடியில் அழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட உயர்வதில்லை. அதற்காகக் கண்ணாடி உடையாது. முறுக்கு அப்படியல்ல. மூன்று மூலைகள் தாங்க, நான்காவது மூலை அந்தரத்தில் நின்றால், நீரின் எடை அந்த மூலையைக் கீழே இழுக்கும். அடிக்கண்ணாடியும், கண்ணாடிகளை இணைக்கும் சிலிக்கான் பசையும் இரவு பகலாக அந்த இழுவையில் இருக்கும். பெரும்பாலும் உடனே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

எடையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளளவில் ஏறத்தாழ 460 லிட்டர் நீர், கண்ணாடி 100 கிலோவை ஒட்டி, மணல், கல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 650 முதல் 700 கிலோ வரை வரும். வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கொள்ளும் பயன்பாட்டுச் சுமை (ஆட்கள், தட்டுமுட்டுச் சாமான்களின் எடை) சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. அந்தச் சுமை அறை முழுவதும் பரவியிருப்பதாகக் கணக்கிடப்படுவது. உங்கள் தொட்டியோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில் அமர்கிறது. ஆகவே, கீழே பீமோ சுமைதாங்கும் சுவரோ ஓடும் சுவரோரமாக வைப்பதுதான் முறை. வீட்டின் வரைபடத்தை ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்; மட்டம் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

கல்லும்_பாசியும்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். தெர்மாகோலைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிக்கண்ணாடி நேரடியாகப் பலகைமேல் அமரும் தொட்டிகளுக்கு 10 அல்லது 12 மி.மீ. தெர்மாகோல் நல்லதுதான். ஆனால் பலகையில் கிடக்கும் மணல் துகளையும் சிறு மேடுகளையும் உள்வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை, 15 மி.மீ. பள்ளத்தை நிரப்புவதல்ல. கனமாகப் போட்டால் தொட்டி தரையின் கோணலையே பின்பற்றி, கூடுதலாகக் கொஞ்சம் ஆடவும் செய்யும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே ஆப்பு, அட்டை, ரப்பர் எதையும் செருகாதீர்கள். திருத்தம் முழுவதும் ஸ்டாண்டின் காலுக்கும் தரைக்கும் நடுவிலேயே நடக்க வேண்டும்.

அதற்கு முன் ஸ்டாண்டையே சோதியுங்கள். வெல்டிங் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்வது மிகச் சாதாரணம். மேல்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு மெல்லிய நூல்களைக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றால் சட்டம் ஒரே தளத்தில் இருக்கிறது. இடைவெளி தெரிந்தாலோ ஒரு நூல் மற்றதை அழுத்தினாலோ முறுக்கு உண்டு. உங்கள் தரையின் 4 மி.மீ. முறுக்கு அப்படியே மேலே வந்தால், நூல்களுக்கு நடுவே 2 மி.மீ. தெரியும். எனவே தரையை அளந்த எண்களை வைத்து ஆப்பு வெட்டாமல், ஸ்டாண்டை நிறுத்தி அதன் மேல்விளிம்பில் ரசமட்டம் வைத்துத் திருத்துங்கள்.

டைல்ஸை உடைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கூடத்தின் நடுவே ஒரு மேடை முளைத்ததுபோல் இருக்கும். கழுவும் தண்ணீரும் அதைச் சுற்றித் தேங்கும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. நூல் கட்டிப் பார்த்தேன். மேல்சட்டம் சரியாக இருக்கிறது, ஆக முறுக்கு தரையில்தான். கால்கள் இரண்டு அங்குலச் சதுரக் குழாய்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நடுவில் உள்ள கால்களுக்கு என்ன செய்வது? ஆப்புக்கு மரத்துண்டு போதுமா?

கல்லும்_பாசியும்:

மரம் வேண்டாம். தண்ணீர் மாற்றும்போது சிந்துவதைக் குடித்து ஊதும், பிறகு காய்ந்து சுருங்கும். காலுக்கு அடியில் 10 செ.மீ. சதுர இரும்புத் தகடு வைத்து, தேவையான கனத்துக்கு மெல்லிய தகடுகளை அடுக்கலாம். தகட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: இரண்டு அங்குலக் குழாய் தரையில் கொடுக்கும் அழுத்தம் கால்வாசியாகக் குறைந்துவிடும். கால் அமரும் டைல்ஸ் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று பொருள். அந்த டைல்ஸை மட்டும் எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லலாம். கொத்தனாருக்கும் கொஞ்சம் வேலை கிடைத்ததாக இருக்கும்.

முதலில் நான்கு மூலைகளையும் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நடுக்கால்களைக் கடைசியில் பாருங்கள். ஒரு தாள்கூட நுழையாதபடி தகடு செருக வேண்டும், ஆனால் சட்டத்தை மேலே தூக்கிவிடக் கூடாது. நடுக்கால் தொங்கினால் ஐந்தடிச் சட்டம் நடுவில் தொய்யும். அது முறுக்குக்குக் குறைந்த கேடல்ல.

சிவில்_மேற்பார்வை:

தகடு அடுக்க விருப்பமில்லை என்றால் வேறொரு வழியும் உண்டு. மேடான மூலையிலும் 10 மி.மீ. இடைவெளி இருக்குமாறு ஸ்டாண்டைத் தற்காலிகமாக மட்டத்தில் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் பாலித்தீன் தாள் விரித்து, சுருங்காத வகைக் கிரவுட்டை (இடைவெளியை நிரப்பும் சிமெண்டுக் கலவை) நிரப்புங்கள். உங்கள் மூலைகளில் அதன் கனம் 10, 12, 19, 25 மி.மீ. என்று அமையும். தாள் இருப்பதால் அது டைல்ஸில் ஒட்டாது. பின்னாளில் பெயர்த்து எடுக்கவும் முடியும். மூட்டையில் குறித்துள்ள காலம் முடியும் வரை பாரம் ஏற்றாதீர்கள்.

தொட்டியை ஏற்றியதும் நான்கு விரற்கடை நீர் விட்டு, நான்கு மூலைகளிலும் அடிக்கண்ணாடியிலிருந்து நீர்மட்டத்தை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்த ரசமட்டமும் நீருக்கு ஈடாகாது. பாதி நிரம்பியதும், முழுதும் நிரம்பியதும், மறுநாளும் அதே அளவை எடுங்கள். நீளவாக்கில் 2, 3 மி.மீ. வித்தியாசம் வந்து, நூல் சோதனையில் முறுக்கு இல்லையென்றால் நான் விட்டுவிடுவேன். அதற்கு மேல் போனால், நீரை முழுவதும் இறக்கிய பிறகே காலைத் தொட வேண்டும். நீர் நிற்கும்போது ஜாக்கி வைத்து ஒரு மூலையைத் தூக்குவது, நாம் தவிர்க்க நினைத்த முறுக்கை நம் கையாலேயே கொடுப்பதாகும்.

வைகைக்கரை:

கிரவுட் முறையையே செய்யப்போகிறேன். பீம் பின்சுவரை ஒட்டியே ஓடுவதாக வரைபடத்தில் இருக்கிறது. அதையும் பொறியாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டுத் தொடங்குகிறேன். தொட்டி வருவதை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொல்லியாயிற்று.