தேனீ வர எந்த நிறப் பூ வைக்க வேண்டும்? நாளை நர்சரிக்குப் போகிறேன்

பூசணிக்கொடி:
வணக்கம். தோட்டத்தில் தேனீ எட்டிப் பார்ப்பதே இல்லை. பூசணியில் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்கிறது. பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பும் ஆரஞ்சுமாகத்தான் பூச்செடி வைத்திருக்கிறேன். மஞ்சள் சேர்க்கலாமா, நீலமா? நிறத்தை மட்டும் சொன்னால் போதும்.

லாஸ்பேட்டை மாடி:
எந்த ஊர்? தரையா, மாடியா? சிவப்பு என்றால் என்ன செடி? மருந்து அடிக்கிறீர்களா?

கெடிலக்கரை:
கடலோரம் என்றால் உப்புக் காற்றுதான் காரணம். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டில் கிழக்கே ஓலைத் தட்டி கட்டிய பிறகுதான் பூச்சிகள் வந்து தங்கின. முதலில் காற்றைத் தடுங்கள். நிறம் அப்புறம்.

தேன்பெட்டி:
தம்பி, இதை இங்கே எத்தனையோ முறை விளக்கியாகிவிட்டது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. தேனீக்குச் சிவப்பு ஒரு நிறமாகவே தெரியாது. நீல அட்டையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கிய விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ், சாம்பல் அட்டைகளுக்கு நடுவிலும் அவை நீலத்தைக் கண்டுபிடிப்பதை 1914இலேயே காட்டிவிட்டார். சிவப்பு அட்டையை அவை கரும் சாம்பலோடு குழப்பிக்கொண்டன. அவருக்கு 1973இல் நோபல் பரிசும் கிடைத்தது. நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை வாங்குங்கள். கேள்வி முடிந்தது.

அரியாங்குப்பம்:
முடியவில்லை ஐயா. புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கம் செக்கச்செவேல் என்றுதானே இருக்கிறது? அதில் கருவண்டுகள் மொய்ப்பதை நாள்தோறும் பார்க்கிறேன். அவையும் தேனீ இனம்தானே?

தேன்பெட்டி:
அவை வாசனைக்கும் மகரந்தத்துக்கும் வருகின்றன. நாகலிங்கப் பூவில் தேனே கிடையாது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரியாங்குப்பம்:
அதையேதான் நானும் சொல்கிறேன். நிறம் எதுவானாலும் உள்ளே உணவு இருந்தால் வரும். 'சிவப்பு தெரியாது' என்பதை 'சிவப்புப் பூவுக்கு வராது' என்று கேள்வி கேட்டவர் புரிந்துகொண்டால், உள்ள செடிகளையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்.

பூசணிக்கொடி:
நான் தம்பி இல்லை. கடலூர் மஞ்சக்குப்பம், இரண்டாவது மாடி. செம்பருத்தி, ரோஜா, ஆரஞ்சுச் செண்டுமல்லி. எல்லாமே அடுக்குப் பூ. மாவுப்பூச்சிக்குக் கடையில் கொடுத்த மருந்து அடிக்கிறேன்.

லாஸ்பேட்டை மாடி:
அக்கா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நிறத்தைப் பற்றி இவ்வளவு பேச்சே வந்திருக்காது. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள்தாம் பெரும்பாலும் இதழ்களாக மாறியிருக்கும். தேனீ வந்தாலும் உள்ளே இறங்க வழியிருக்காது. ஒற்றையடுக்குச் செண்டுமல்லியின் நடுவைப் பாருங்கள்: பொடிப்பொடியாகச் சின்னப் பூக்கள், ஒவ்வொன்றிலும் மகரந்தம். அதுதான் தேனீக்கு வேண்டியது.

மருந்து டப்பாவில் இமிடாகுளோப்ரிட் என்று இருக்கிறதா பாருங்கள். செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரை போகும் மருந்து அது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தவே தடை விதித்தது. இருந்தால் நிறுத்திவிடுங்கள். மாவுப்பூச்சியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே விரட்டலாம்.

வாங்குவதானால் ஊதா டிசம்பர் பூ, நீலச் சங்குப்பூ, சூரியகாந்தி. சூரியகாந்தி நமக்கு முழு மஞ்சள். புற ஊதாவும் தெரிகிற தேனீக்கோ இதழின் அடிப்பகுதி இருண்ட வளையமாகத் தெரியும். காசே செலவில்லாத வழி, துளசிக் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுவது. கொத்தமல்லியையும் அப்படியே விடுங்கள். ஒரே வகைச் செடிகளைச் சேர்த்து வையுங்கள்.

கெடிலக்கரை:
ஓலைத் தட்டியையும் மறக்க வேண்டாம். இரண்டாவது மாடியில் காற்று இன்னும் அதிகம்.

முத்தியால்பேட்டை:
தேனீ வரும்வரை பூசணி காத்திருக்காது, சகோதரி. விடிந்ததும் பூ விரியும்; வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ஒல்லிக் காம்போடு இருப்பது ஆண் பூ, அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ. ஆண் பூவின் இதழ்களை உரித்துவிட்டு, மஞ்சள் பொடி ஒட்டிய நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தேன்பெட்டி:
நான் சொன்ன நிறங்களைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அரியாங்குப்பம்:
நிறத்தைத் தவிர நீங்கள் வேறு எதையும் சொல்லவில்லையே ஐயா. செடியின் பெயர் ஒன்றுகூட இல்லை.

பூசணிக்கொடி:
டப்பாவில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. நிறுத்திவிட்டேன். காலையில் பெண் பூவுக்குத் தடவியாகிவிட்டது. நர்சரியில் சங்குப்பூ மட்டும்தான் கிடைத்தது. எல்லோருக்கும் நன்றி.

லாஸ்பேட்டை மாடி:
ஒற்றைச் சங்கா, அடுக்குச் சங்கா?