படிப்பு முடிந்தது, பினாங்கு போக வேண்டும்: வழி சொல்லுங்கள்

அண்ணன்மாருக்கும் ஆச்சிமாருக்கும் வணக்கம். ஊர் காரைக்குடி. அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். கடைசித் தேர்வு எழுதியாயிற்று. வேலைக்குப் போகுமுன் மலேசியா, சிங்கப்பூர் பார்த்துவிட ஆசை.

திருச்சியில் ஏறி கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, அப்புறம் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஜோகூர் பாரு வந்து, பாலம் தாண்டி சிங்கப்பூர். இதுதான் திட்டம். மலேசியாவுக்கு 2026 முடிய விசா வேண்டாம், வருகைப் படிவம் மட்டும் இணையத்தில் நிரப்பினால் போதும். சிங்கப்பூருக்குத்தான் விசா. எனக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அப்பச்சியின் (அப்பாவின்) வங்கிக் கணக்கு விவரமும், செலவை ஏற்பதாக அவர் தரும் கடிதமும் போதுமா? அண்மையில் இப்படி வாங்கியவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஐயாவின் (தாத்தாவின்) தகப்பனார் பினாங்கில் கொண்டுவிற்றவர், அதாவது கடல் கடந்து போய்த் தொழில் செய்தவர். வீட்டுப் பெட்டகத்தில் அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மடிப்பில் எல்லாம் கிழிந்து, மேலே 'உ' போட்டு, பினாங்கு ஸ்ட்ரீட் முகவரியோடு. கதவு எண் இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கட்டடங்களான கிட்டங்கிகளில், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்தவற்றைத்தான் இடித்துவிட்டார்கள். பினாங்கில் தைப்பூச வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு அந்தத் தெருவிலேயே இருக்கிறது. பழைய கிட்டங்கிக் கட்டடங்களைப் பற்றி அங்கே யாரிடம் விசாரிக்கலாம்? தைப்பூசத்துக்கே போகலாம்தான், ஆனால் தை வரை வீட்டில் சும்மா உட்கார விடமாட்டார்கள்.

அப்பத்தா ஒரு தூக்கு நிறைய எங்கள் ஊர்ப் பலகாரமான மணகோலம் கட்டித் தருவதாகப் பிடிவாதம். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடுவார்களா?