மேலத்தெரு சொந்தங்கள் குழுவில்: ஆமைக்குட்டிக்கு யார் புழு போடுறது?

புதன், இரவு 9.04 (செயின்ட் லூயிஸ் நேரம்)

செந்தில்: வெள்ளி காலைல சிகாகோ கல்யாணத்துக்குக் கிளம்புறோம். ஞாயிறு ராத்திரிதான் திரும்புவோம். மூணு நாளும் யாழினியோட ஆமைக்குட்டிக்குச் சாப்பாடு போடணும். கார்த்திக், உன்னால முடியுமாடே?

லதா அத்தை: இனிய வியாழன் காலை வணக்கம் 🌺

லதா அத்தை: ஆமையா? வீட்டுக்குள்ளயா?

முருகேசன் சித்தப்பா: ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்…

கவிதா: சின்ன மாமா 🙏 அவ டீச்சர் வீட்டு ஆமை போட்ட முட்டைல பொரிச்சது. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கு

கார்த்திக்: என்ன போடணும்

செந்தில்: கவனமாப் படி. இது பாக்ஸ் ஆமை, மூணு விரல் ஜாதி. மிசௌரி மாநிலத்தோட ஊர்வனன்னே இதத்தான் அறிவிச்சிருக்காங்க. பெருசானா காளான், பழம், இலை எல்லாம் திங்கும். குட்டியா இருக்கும்போது பூச்சி புழுதான் முக்கியம். அதுவும் நெளியணும், அசையாததை இது சட்டை பண்ணாது. காலைல 8 மணிக்குத் தொட்டிக்குள்ள தண்ணி தெளி, தூறல் போட்ட மாதிரி. கொஞ்ச நேரத்துல பாசிக்குள்ள இருந்து தலைய நீட்டும். மண்புழுவை நறுக்கி, இடுக்கில பிடிச்சு மூஞ்சிக்கு முன்னால ஆட்டு. சுவர்க்கோழின்னா சின்னதா மூணு நாலு, கால்சியம் பொடில புரட்டிப் போடு. அந்தப் பூச்சில பாஸ்பரஸ் ஜாஸ்தி, கால்சியம் கம்மி. பொடி இல்லாமலே வளத்தா ஓடு கெட்டிப்படாது. அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்ளோ அகலமோ அதவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தின்னது போக மிச்சத்த எடுத்துரு, ராத்திரி உள்ள கிடந்தா பூச்சி ஆமையக் கடிக்கும்.

கார்த்திக்: ம்

கார்த்திக்: எத்தன மணிக்கு

செந்தில்: 8னு எழுதியிருக்கேன்

கார்த்திக்: நைட் ஷிஃப்ட் அத்தான். 7க்குத்தான் விடுவாங்க

லதா அத்தை: புழு போடணும்னா எம் பிள்ளை ஞாபகம் வருது. புது வீட்டுல பால் காய்ச்சுனப்போ வரல

செந்தில்: அத்தை, ஃபோன் பண்ணேனே

லதா அத்தை: முந்தின நாள் ராத்திரி

கவிதா: யாழினியோட ஆச்சி வீட்டுலதான இருக்காங்க. கல்யாணத்துக்கு வரலன்னுட்டாங்க

கோமதி ஆச்சி: வெள்ளிக்கிழம புழுவத் தொடவா நானு

கோமதி ஆச்சி: ரெண்டு இட்லி பிச்சுப் போட்டா திங்காதா

கவிதா: யாழினி அழுறா அத்தை

கோமதி ஆச்சி: ஃப்ரிட்ஜுல தயிருக்குப் பின்னால ஒரு டப்பா இருக்கே அது என்னது கவிதா

கவிதா: மீல்வார்ம், ஒரு வண்டோட புழு. குளிர்ல அசையாமக் கிடக்கும். மூடி இறுக்கமாத்தான் இருக்கு

கோமதி ஆச்சி: வறுத்த சேமியான்னுல்லா நினைச்சேன்

பிரியா (டெட்ராய்ட்): 😂😂 பாயசம்

செந்தில்: அந்த மீல்வார்ம் தினமும் ஆகாது. கொழுப்பு, தோலும் கெட்டி. வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு போதும்

முருகேசன் சித்தப்பா: புழுவைக் காசு கொடுத்து வாங்குவானேன். ஒரு வாளில மக்குன இலை போட்டு ஐசீனியா ஃபெட்டிடாங்கிற சிவப்பு மண்புழுவ விடு. பெருகிக்கிட்டே இருக்கும். 31 வருசம் வேளாண்மைத் துறை.

செந்தில்: அது வேண்டாம் சித்தப்பா. அந்தச் சிவப்புப் புழு மஞ்சளா ஒரு நாத்தத் தண்ணி விடும். போன மாசம் குட்டி ஒரு வாய் கவ்விட்டுத் துப்பிட்டு, முன்னங்காலால வாயத் துடைச்சுது. தூண்டில் கடையில விக்குற பெரிய புழுதான் அதுக்கு இஷ்டம்

கோமதி ஆச்சி: மண்புழுன்னாலே எனக்கு அந்த 40 ஆயிரந்தான் ஞாபகம் வரும்

முருகேசன் சித்தப்பா: மதினி, அது 2009 விசயம்

கோமதி ஆச்சி: உரமும் வரல. புழுவும் வரல

முருகேசன் சித்தப்பா: குழிக்குள்ள மழைத்தண்ணி நின்னுட்டுன்னு அண்ணனுக்கே தெரியும்

பிரியா: ரிசப்ஷனுக்கு என்ன கலர்னு யாராவது சொல்லுங்க

கார்த்திக்: அத்தான், உங்க வீட்டுப் பின்னால மின்மினி நிறையப் பறக்குமே. சாயங்காலம் வந்து அதுல நாலு பிடிச்சுப் போட்டுட்டுப் போறேன்

செந்தில்: கொன்னுறாதடே! அமெரிக்க மின்மினி விஷம். ஒண்ணத் தின்ன பல்லியே செத்திருக்கு. புல்தரைல பிடிச்ச எதையும் போடாத, பக்கத்து வீட்டுக்காரர் மருந்து அடிக்கிறார். அப்புறம் ஆமையத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவு, வயித்துப்போக்கு வர வைக்கிற சால்மோனெல்லா கிருமி இருக்கும். 4 அங்குலத்துக்குக் கீழ ஓடு இருக்குற ஆமையை விக்கக் கூடாதுன்னு 1975ல தடை போட்டதே அதுக்குத்தான்

கோமதி ஆச்சி: நான் தலைக்கே குளிப்பேன்

லதா அத்தை: அப்போ மதினி போடுறாங்கன்னுதான அர்த்தம்?

கோமதி ஆச்சி: போடுறேன்னு சொன்னேனா

கார்த்திக்: சனி வேணா வரேன். பார்க்கலாம்

வியாழன், காலை 8.31

கோமதி ஆச்சி: யாழினி பள்ளிக்கூடம் போயிட்டா. கரண்டியால எடுத்துப் போட்டுப் பாத்தேன்

செந்தில்: திங்குதா?

கோமதி ஆச்சி: கழுத்த ஒரு சாய்ப்பு சாய்ச்சுப் பாத்துட்டு லபக்குன்னு பிடிச்சிட்டு. உங்கப்பா முறுக்கு திங்குற மாதிரியே இருக்கு

முருகேசன் சித்தப்பா: 😄 அண்ணன்

கோமதி ஆச்சி: ஆனா டப்பா சரிஞ்சிட்டு. நாலஞ்சு கீழ போயிட்டு

கவிதா: எங்க அத்தை? சமையல்கட்டுலயா???

கோமதி ஆச்சி: தேடிட்டிருக்கேன்

கார்த்திக்: சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம் வந்தாலும் வரும்

பிரியா: மாம்பழக் கலர் கட்டிக்கவா?