புதுப்பிப்பு: கூடத்துச் சுவர் ஓதம் என்ன ஆயிற்று?

கும்பகோணம் பக்கம் தாத்தா கட்டிய வீட்டில், கூடத்துச் சுவரில் இடுப்பளவு ஓதம் (தரையிலிருந்து ஏறும் ஈரம்) ஏறி, இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் உரிகிறது என்று கோடையில் எழுதியிருந்தேன். டைல்ஸ் ஒட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தேன். ஒட்டவில்லை.

பழைய வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் வந்தார். பூச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மேலே சிமெண்டு, உள்ளே சுண்ணாம்புச் சுவர். மூச்சுவிட வழியில்லை தம்பி" என்றார். அந்தச் சிமெண்டு பத்து வருடத்துக்கு முன் நாங்கள் பூசியதுதான். செங்கல்லில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்டு அதை அடைத்துவைத்து இன்னும் மேலே ஏற்றும்.

நான்கடி உயரத்துக்குக் கொத்தி எடுத்தோம். செங்கல் முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளி, மூன்று மாதம் காயவிட்டோம். தயவுசெய்து இந்தக் காத்திருப்பைக் குறைக்காதீர்கள். அப்புறம் நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினோம். மேலே எமல்ஷன் பெயிண்ட் இல்லை, வெள்ளையடிப்புதான்.

வெளியே சுவரோரம் கொல்லைத் தரை உயர்ந்து மழைநீர் தேங்கியது. அதையும் அரை அடி வெட்டி, தண்ணீர் சுவரைவிட்டு ஓட வாட்டம் (சரிவு) கொடுத்தோம். உண்மையில் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை இது.

ஐப்பசி மழை முழுக்கப் பார்த்தாகிவிட்டது, ஒரு திட்டுகூட இல்லை. பாட்டியின் மர பீரோ மீண்டும் கூடத்துக்கு வந்துவிட்டது; பின்னால் காற்றுப் போக, சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டிருக்கிறோம்.