மறுமொழி: ‘லெக்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ஆலுகளம் சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சேவல்கள் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடி, ஆடியும் ஒலியெழுப்பியும் பெட்டைகளைக் கவர்வதைப் பறவையியலில் ‘லெக்’ என்கிறார்கள். கொலராடோப் பயணக் கட்டுரை ஒன்றுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ஆடுகளம், காதல் அரங்கு, சேவற்களம், கூடற்களம், இணைதேடு திடல் என்று பல சொற்கள் வந்துள்ளன. எல்லாருக்கும் நன்றி.

‘லெக்’ என்றே எழுதிவிடலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தமிழ் எழுத்தில் அதைப் பார்த்தவுடன் கிரிக்கெட்டின் லெக் ஸ்பின்னும் பிரியாணிக் கடையின் லெக் பீசும்தான் நினைவுக்கு வரும். கோழியினப் பறவைகளைப் பற்றிய கட்டுரையில் இரண்டாவது பெரும் தொல்லை.

என் முதல் மடல் சுருக்கமானது. அங்கே என்ன நடக்கிறது என்பதை விரித்துச் சொன்னால், எந்தச் சொல் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

கொலராடோவில் ஏப்ரல் மாதம் இதற்கென்றே வழிகாட்டிகள் சுற்றுப்பயணம் நடத்துகிறார்கள். டென்வரில் தொடங்கி, மலையும் சமவெளியுமாக மாநிலத்தைச் சுற்றிவந்து டென்வரிலேயே முடியும். ஊருக்கு ஊர் கோழி மாறும். கன்னிசனில் ஒன்று, வால்டன் ஊர்ப்பக்கம் இன்னொன்று, ஹேடன் மலையடிவாரத்தில் கூர்வால் கோழி, கிழக்கே ரே என்னும் சிற்றூரில் புல்வெளிக் கோழி. வழிகாட்டியின் விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். சூரியன் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வண்டியை நிறுத்திவிட வேண்டும். விளக்கு கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, இறங்கக் கூடாது. கடைசிக் கோழி கிளம்பிப் போகும்வரை நாமும் கிளம்பக் கூடாது. வால்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலிலும் விடியற்காலையில் தண்ணீர் உறையும் குளிர். எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார வேண்டும் என்பதால், பயணத்தின் உண்மையான செலவு டாலரில் இல்லை, கால்விரல்களில்தான்.

வால்டனில் முதலில் காதுக்குத்தான் தெரியும். இருட்டில் ‘சரக், சரக்’ என்று இறகு உரசும் ஓசை, பிறகு ‘பொளக், பொளக்’ என்று இரண்டு வெடிப்பு. வெளுக்கத் தொடங்கியதும் மார்பின் வெண்மை தெரிகிறது. சேவல் வாலிறகுகளை முள்முள்ளாக விரித்து, மார்பில் மஞ்சள் நிறத்தில் இரண்டு காற்றுப்பைகளை உப்பவைத்து, உலுக்கி அடக்குகிறது. இரண்டரை மூன்று கிலோ எடையுள்ள பறவை. பக்கத்துச் சேவல் எல்லை தாண்டினால் இறக்கையால் ஓர் அறை. பெட்டைகள் நடுவில் மேய்வதுபோல் நடந்துபோகின்றன. இவ்வளவு ஆரவாரத்துக்கும் பலன் ஓரிரண்டு சேவல்களுக்குத்தான். பெரும்பாலான பெட்டைகள் அவற்றையே தேர்கின்றன. மற்றவை மறுநாளும் வந்து ஆடும். பெட்டை இணைசேர்ந்தபின் விலகிப்போய்த் தனியாகவே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்க்கும். சேவல் திரும்பிப் பார்ப்பதில்லை.

வண்டியில் கட்டுண்டு கிடப்பதன் காரணமும் இதுதான். கதவுச் சத்தத்தில் பெட்டைகள் பறந்துவிட்டால் அன்றைய இணைசேர்க்கை போயிற்று. பொன்னாங்கழுகு ஒன்று மேலே வட்டமிட்டாலே களம் காலியாகிவிடும். நாம் வேறு கழுகு வேலை பார்க்க வேண்டியதில்லை.

பறவையின் பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தப் பெரிய கோழியின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘சேஜ்’ என்பதை ‘முனிவர்’ என்று கணினி மொழிபெயர்த்து ‘முனிவர் கோழி’ ஆக்கிவிட்டது. ஓர் அதிகாலை முழுவதும் பெட்டைகள்முன் மார்பை உப்பிக் காட்டும் பறவைக்கு அது பொருந்தாத பட்டம். இந்த ‘சேஜ்’ ஒரு புதர். ஆர்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்தது. நம் மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் அதே பேரினம். குளிர்காலம் முழுக்க இந்தப் பறவை ஏறக்குறைய அந்த இலையை மட்டுமே தின்று வாழ்கிறது. புதர் அழிந்தால் பறவையும் இல்லை. அதனால் ‘மாசிப்புதர்க் கோழி’ என்று எழுத நினைக்கிறேன். கன்னிசனில் இருப்பது அளவில் சிறியது, தலைப்பின்னால் அடர்ந்த குஞ்சம் உடையது. தனி இனம் என்று 2000ஆம் ஆண்டில்தான் அறிவியல் அதை விவரித்தது. வால்டன் சேவல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு முறை பையை வெடிக்கும் என்றால், கன்னிசன் சேவல் ஒன்பது முறை. பெட்டைகள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதால்தான் இரண்டு இனம் ஆயிற்று என்றுகூடச் சொல்லலாம். 2014இல் அமெரிக்க அரசு அதை அருகிவரும் இனப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘காதல் அரங்கு’ நாடக விளம்பரம்போல் இருக்கிறது. அதோடு அங்கே நடப்பது தேர்வு, காதல் அல்ல. ‘சேவற்களம்’ என்றால் பொங்கல் நாள் சேவற்கட்டு. ‘கூடற்களம்’ என்றால் வந்தவை எல்லாம் கூடுகின்றன என்று பொருள்படும். பெரும்பாலான சேவல்களுக்கு அந்தப் பேறு இல்லை. ‘இணைதேடு திடல்’ பொருளளவில் சரி, ஆனால் அதிலிருந்து வினைச்சொல் எடுக்க முடியாது. எனக்கு வேண்டியது மூன்று: இடத்துக்குப் பெயர், அங்கே செய்யும் செயலுக்கு வினை, இரண்டிலிருந்தும் கிளைக்கும் தொடர்கள்.

என் முன்மொழிவு: ஆலுகளம். மயில் ஆடுவதற்கும் ஒலிப்பதற்கும் பழந்தமிழில் ‘ஆலுதல்’ என்ற வினை இருக்கிறது. களித்தல் என்றும் பொருள். ஆட்டம், ஓசை இரண்டும் ஒரே வினையில் வருவது இங்கே பெரும் வசதி. புல்வெளிக் கோழியின் ஆரஞ்சுப் பையிலிருந்து, காலி பாட்டிலின் வாயில் ஊதியதுபோல் எழும் முழக்கம் ஒரு மைல் தொலைவுக்குக் கேட்கும். அதை வெறும் ‘ஆட்டம்’ என்றால் பாதி போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மயிலும் இந்த முறைப்படிதான் இணைதேடுகிறது. ஆண்மயில்கள் அருகருகே தத்தம் சிறு இடத்தைப் பிடித்துத் தோகை விரிப்பதும், பெண்மயில்கள் சுற்றிப்பார்த்துத் தேர்வதும் விரிவாக ஆராயப்பட்டவை. இங்கிலாந்தின் விப்ஸ்னேட் பூங்காவில் மரியன் பெட்ரி செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வு அதில் புகழ்பெற்றது. எனவே ‘ஆலுதல்’ மயிலிடமிருந்து கோழிக்குப் போவது உவமையால் அல்ல, உறவால். இரண்டும் ஒரே குடும்பப் பறவைகள்.

அன்புடன்,
கொலராடோக் கட்டுரைக்காரன்

*

தம்பி,

நீண்ட மடலுக்கு நன்றி. நாற்பதாண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ‘ஆலுதல்’ மீண்டும் அச்சேறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஐங்குறுநூற்றில் ஒரு பாட்டே ‘மயில்கள் ஆல’ என்று தொடங்குகிறது. ஆயினும் நான் ‘ஆடுகளம்’ பக்கம்தான்.

காரணம் சொல்கிறேன். ‘லெக்’ என்பது ஸ்வீடிஷ் மொழிச் சொல். அங்கே அதற்கு ‘விளையாட்டு’ என்று பொருள். பிள்ளைகள் தெருவில் ஆடுவதையும் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள். அவர்கள் பழைய ஏட்டைத் தேடிப் போகவில்லை. வீட்டில் புழங்கிய சொல்லைப் பறவைக்கும் கொடுத்தார்கள். நாம் மட்டும் ஏன் அகராதியைப் புரட்ட வேண்டும்? ‘ஆடு’ என்பதில் விளையாட்டும் உண்டு, கூத்தும் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவனுக்கு ‘ஆடுகளம்’ புரியும். ‘ஆலுகளம்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்து ‘ஆடுகளம்’ என்று திருத்திவிடுவான். பிழைதிருத்துவோரும் அதையே செய்வர்.

இலக்கணத்தில் தடை இல்லை. வினையடி ‘ஆலு’, ‘பேசுபொருள்’ போல ‘ஆலுகளம்’ வினைத்தொகையாக நிற்கும். ‘ஆல்களம்’ என்று யாராவது சுருக்கினால் ஆலமரத்தடி ஆகிவிடும், அதை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்துகளுடன்,
மதுரையிலிருந்து

*

வணக்கம்.

நான் விலங்கியல்காரி. இரலைமானை ஆராய்ந்த அனுபவத்தில் இரண்டு குறிப்புகள்.

ஒன்று, இந்த முறை பறவைக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் இரலைக் கலைகள், அதாவது ஆண்மான்கள், நெருக்கமாகச் சிறுசிறு இடங்களைப் பிடித்து நின்று பிணைகளை எதிர்பார்க்கின்றன. பூச்சிகளிலும் மீன்களிலும்கூட உண்டு. இரலை ‘ஆலும்’ என்று எழுத என் பேனா தயங்குகிறது. ‘ஆடும்’ என்று எழுதவும் தயங்குகிறது என்பதையும் மதுரை ஐயாவுக்குச் சொல்லிவிடுகிறேன். மான் ஆடுகிறதா, ஆடு மானாகிறதா என்று குழம்பும்.

இரண்டு, கிளைத்தொடர்களை எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் அடிக்கடி பேசுவது இந்த முறையிலுள்ள ஒரு முரண். எல்லாப் பெட்டைகளும் ஒரே வகைச் சேவலைத் தேர்ந்துகொண்டே போனால் சில தலைமுறைகளில் சேவல்களுக்கிடையே மரபணு வேறுபாடு தேய்ந்துவிட வேண்டும். தேய்ந்தபின் தேர்வதில் பயன் இல்லை. ஆனாலும் தேர்கின்றன. இதற்கு ‘ஆடுகள முரண்’ என்று பெயர் வைத்தால் நடுவர் தீர்ப்பைப் பற்றிய விளையாட்டுச் செய்தி போல இருக்கிறது. ‘ஆலுகள முரண்’ பரவாயில்லை.

சேவல்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாத தொலைவில், ஆனால் கேட்கும் தொலைவில் நிற்கும் வகையும் இருக்கிறது. வரகுக்கோழி அப்படி, மழைக்காலப் புல்லுக்குமேல் எகிறி எகிறிக் குதிக்கும். அதை ஆங்கிலத்தில் ‘வெடித்த’ என்ற அடைமொழியோடு சொல்வார்கள். தயவுசெய்து ‘வெடித்த களம்’ என்று போட்டுவிடாதீர்கள், சிவகாசி ஆகிவிடும்.

நன்றி.

*

ஐயா அவர்களுக்கும் தோழிக்கும் வணக்கம்.

ஐயா, ஸ்வீடன் வாதம் வலுவானது. ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது விளையாட்டு என்ற பொருளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆங்கிலேயருக்கு அது புதிய, வேறெங்கும் புழங்காத சொல். அதனாலேயே கலைச்சொல்லாக நிலைத்தது. ‘ஆடுகளம்’ நம் செய்தித்தாள்களின் கடைசிப் பக்கத்தில் தினமும் புழங்குகிறது. ‘ஆடுகளத்தில் கோழிகள்’ என்று எழுதினால் ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். புரியாத சொல்லுக்கு ஒரு வரி விளக்கம் போதும். தவறாகப் புரியும் சொல்லுக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் வேண்டும்.

இரலை பற்றிய தயக்கம் நியாயமானது. இடப்பெயரை எல்லா உயிருக்கும் பொதுவாக வைத்து, வினையைப் பறவையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: இரலைக் கலைகள் ஆலுகளத்தில் ‘நிற்கின்றன’, கோழிகள் ‘ஆலுகின்றன’. ஸ்வீடிஷ் மொழியிலும் அந்தச் சொல் மீன் முட்டையிடும் காலத்துக்கும் பயன்படுகிறது. மீன் விளையாடுகிறதா என்று அவர்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

‘களம்’ வேண்டாம், கூட்டத்தைக் குறிக்க ‘ஆலவை’ என்று வைக்கலாம் எனத் தனிமடலில் ஒருவர் எழுதியிருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, மதுரைக்காரர்களுக்கு ஆலவாய் நினைவும் வரும். ஆனால் நான் இடத்தையே பிடித்துக்கொள்கிறேன். கிழக்கு அமெரிக்காவில் புல்வெளிக் கோழியின் ஒரு துணையினம் வாழ்ந்தது. மார்த்தாஸ் வினியார்டு தீவில் கடைசியில் ஒரேயொரு சேவல் மிஞ்சி, வழக்கமான வயலுக்கு வந்துகொண்டிருந்தது. 1932 மார்ச்சுக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. ஒற்றைப் பறவைக்கு அவை ஏது? களம் மட்டும் இருந்தது.

கிளைத்தொடர்களை இப்படி எழுதிவைத்திருக்கிறேன். செயல் ஆலுதல். இணைமுறை ஆலுகள முறை. முரண், ஆலுகள முரண். சேவல்கள் தள்ளித்தள்ளி நிற்கும் வகை, பரந்த ஆலுகளம். பார்வையாளர் ஒளிந்திருக்கும் சிறு கொட்டகைக்கு ‘மறைகுடில்’ போதும். ‘பரண்’ உயரத்தில் இருப்பது, அது சரிப்படாது. கூர்வால் கோழிக்கு மட்டும் தனி வினை தேவைப்படுகிறது. ஊதாப் பையை உப்பி, இறக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, மிக வேகமாகக் காலைத் தட்டிக்கொண்டு சுழலும்; திடீரென்று எல்லாச் சேவல்களும் ஒரே நொடியில் நின்றுவிடும், பிறகு ஒரே நொடியில் தொடங்கும். அந்தக் காலடிக்குத் ‘ததும்புதல்’ பொருந்தாது, ‘மிதித்தல்’ மந்தம். ‘துடிகொட்டுதல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன்; கூத்து தெரிந்த யாராவது இதைவிட நல்ல சொல் தரலாம்.

தோழி ஒன்று கேட்டிருந்தார்: பெட்டை உருவில் ரோபோ செய்து ஆலுகளத்துக்குள் உருட்டிவிட்ட கலிபோர்னியா ஆய்வைக் கட்டுரையில் சேர்ப்பேனா என்று. கட்டாயம் சேர்ப்பேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கெயில் பட்ரிசெல்லி குழுவினர் செய்தது. பெட்டை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்த்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த சேவல்களுக்கே வெற்றி அதிகம் என்று கண்டார்கள். ரோபோவுக்கு ‘பொய்ப்பெட்டை’ என்று எழுதியிருக்கிறேன். இதற்கு மட்டும் யாரும் மாற்றுச்சொல் அனுப்ப வேண்டாம்.

கட்டுரை அடுத்த வாரம் இதழுக்குப் போகிறது. அதற்குள் ‘ஆலுகளம்’ மீது தடை இருப்போர் இந்த இழையிலேயே எழுதுங்கள். ஐயா, உங்கள் பத்தாம் வகுப்பு மாணவனுக்காக முதல் பத்தியிலேயே விளக்கம் வைத்துவிட்டேன்; பிழைதிருத்துபவருக்குத் தனிக் குறிப்பும் இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கொலராடோக் கட்டுரைக்காரன்