முட்டிக்குக் கரண்ட் வைத்தால் ஏன் ஷாக் அடிப்பதில்லை?

கொளத்தூர்க்காரன்:
அம்மாவுக்கு முட்டி வலி, பெரம்பூர் பக்கம் பிசியோதெரபியில் கரண்ட் வைக்கிறார்கள். முட்டியில் துண்டைச் சுற்றி இரண்டு பக்கமும் பட்டையான ரப்பர் பேடு வைத்து 20 நிமிடம், இதமான சூடு மட்டும்தான் தெரிகிறது என்கிறார். சீட்டில் 'ஷார்ட்வேவ்' என்று இருக்கிறது. ரேடியோவில் வருகிற அதேதானா? இதை முதலில் மனுஷ உடம்பில் வைத்துப் பார்த்தது யார்?

பிசியோ_தாம்பரம்:
அதே ரேடியோ அலைதான். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, இந்த மெஷின் 27.12 மெகாஹெர்ட்ஸ், அதாவது 2 கோடியே 71 லட்சத்துக்கும் மேல். அவ்வளவு வேகத்தில் திசை மாறினால் நரம்பு துடிப்பதற்கே நேரம் கிடைக்காது, சூடு மட்டும் மிஞ்சும். நொடிக்குச் சுமார் 10,000-ஐத் தாண்டினால் தசை துடிப்பது அடங்கிவிடுகிறது என்று 1890-களில் பாரிஸில் காட்டியவர் தார்சன்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. தன் உடம்பிலேயே கரண்டைப் பாய்ச்சிக்கொண்டார், நடுவில் மாட்டிய பல்பு எரிந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை! அப்புறம் ஜெர்மனியில் நாகல்ஷ்மிட் என்ற டாக்டர் இப்படிக் கரண்டால் உடம்புக்குள் சூடு ஏற்றுவதற்கு 'டயதெர்மி' என்று பெயர் வைத்தார்.

தியேட்டர்_டெக்னீஷியன்:
ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் 'காட்டரி' என்று சொல்வதும் இந்தக் குடும்பம்தான். பென்சில் மாதிரி ஒரு முனை, தொடைக்கு அடியில் பெரிய பிளேட். ஒரே கரண்ட்தான் இரண்டு இடத்திலும் போகிறது, ஆனால் ஊசிமுனையில் குவிவதால் அங்கே சதை வெட்டுப்படுகிறது, ரத்தம் நிற்கிறது. பிளேட்டில் பரவிப் போவதால் அங்கே சூடே தெரியாது, பிளேட் சரியாக ஒட்டாமல் ஓரம் தூக்கிக்கொண்டால் மட்டும் தொடை வெந்துவிடும், அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். 1926 அக்டோபரில் பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை சர்ஜன், ரத்தக்கசிவால் சில நாள் முன்பு பாதியில் நிறுத்திய தலைக் கட்டி ஒன்றை, வில்லியம் போவி என்பவர் செய்த இந்தக் காட்டரி கருவியை வைத்து எடுத்து முடித்தார். போவி படித்தது தாவரவியல், அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

கொளத்தூர்க்காரன்:
இருவருக்கும் நன்றி. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, பாதம் அடிக்கடி மரத்துப்போகும். பரவாயில்லையா?

பிசியோ_தாம்பரம்:
இதை அடுத்த தடவை மெஷின் போடுவதற்கு முன்னாடியே கட்டாயம் சொல்லுங்கள். மரத்த இடத்தில் சூடு ஏறுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். இரண்டு டியூபில் வெந்நீரும் குளிர்ந்த தண்ணீரும் ஊற்றி, கண்ணை மூடச் சொல்லி, முட்டியில் தொட்டு எது எது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே செய்யச் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஷார்ட்வேவ் பக்கமே போகக் கூடாது, முட்டியில் உலோகம் வைத்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.