ராஜபாளையம் நாய் தபால்தலை யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். சேலம், ஏற்காடு பக்கம் தபால்தலை சேர்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

2005 ஜனவரி 9 அன்று நம் நாட்டு நாய்களுக்காக நான்கு தபால்தலைகள் வந்தன: ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய். எனக்கு ராஜபாளையம் மட்டும் போதும். ஏற்காட்டில் தாத்தா வீட்டுக் காவலுக்கு இருந்தது அந்த ஜாதிதான். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. அதைக் கட்டிப்பிடித்து வளர்ந்தவனுக்கு மற்ற மூன்றும் அடுத்த வீட்டு நாய்தான், மன்னிக்கவும்.

என்னிடம் ஒன்று இருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில், கல்யாணப் பத்திரிகை உறையோடு கிடைத்தது. வெந்நீரில் ஊறப்போட்டுப் பொறுமையில்லாமல் உரித்தேன். பல் பல்லாக இருக்கும் ஓரத்தில் இரண்டு பல் போச்சு, பின்பக்கத் தாளும் ஒரு படலம் கழன்றுவிட்டது. என் தப்புதான்.

இப்போது தேடுவது முத்திரை விழாத தபால்தலை ஒன்று, அப்புறம் முதல் நாள் உறை (தபால்தலை வெளியான நாளிலேயே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை). ஏற்காடு தபால் முத்திரை தெளிவாக விழுந்தது இருந்தால், சொன்ன விலை தருகிறேன். மாற்றிக்கொள்வதென்றாலும் சரி, என்னிடம் பறவைத் தபால்தலைகள் நிறைய இருக்கின்றன. உறையோடு இருந்தால் தயவுசெய்து உரிக்காமல் அப்படியே படம் எடுத்துப் போடுங்கள்.